முதல் ரீஃப் டேங்க், மடிப்பாக்கம் இரண்டாவது மாடி: என் திட்டத்தில் ஓட்டை சொல்லுங்கள்

உப்புத்தண்ணி · மார்ச் 2

எல்லோருக்கும் வணக்கம். பத்து வருடமாக நன்னீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். கோல்ட்ஃபிஷ்ஷில் ஆரம்பித்து டிஸ்கஸ் வரை வந்தாகிவிட்டது, செடித் தொட்டி ஒன்றும் ஓடுகிறது. இப்போது ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கிற கடல்நீர்த் தொட்டி ஆசை. வீட்டில் ஒரு வழியாகச் சம்மதம் வாங்கிவிட்டேன், ஹாலில் இருக்கிற ஷோகேஸை நானே காலி செய்து தர வேண்டும் என்பது நிபந்தனை.

திட்டம் இதுதான். தொட்டி 3 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி, கீழே ஒரு சம்ப் (வடிகட்டியும் பம்ப்பும் வைக்கிற துணைத் தொட்டி). தண்ணீர் நீலாங்கரைக் கடற்கரையிலிருந்து கேனில் மொண்டு வருவேன். மாமனார் ஊர் மண்டபம் பக்கம், அங்கே கரையோரம் பவளக்கல் சும்மா குவிந்து கிடக்கிறது, அடுத்த மாதம் கோயில் விசேஷத்துக்குப் போகும்போது கார் டிக்கியில் நாலு மூட்டை போட்டுக்கொண்டு வந்துவிடலாம். மீன் என்றால் இரண்டு கிளவுன் (கோமாளி மீன்), மகள் கேட்கிற நீல டேங் மீன் ஒன்று, அப்புறம் கிளவுன் உட்கார ஒரு அனிமோன் (பூப்போல விரிகிற கடல் உயிர்). தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் வாங்கப்போவதில்லை, நாலு கம்ப்யூட்டர் ஃபேன் போதும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பட்ஜெட் 40 ஆயிரம்.

எங்கே தப்பு?

பாம்பன்காற்று · மார்ச் 2

அண்ணே, மற்றதெல்லாம் அப்புறம். //கார் டிக்கியில் நாலு மூட்டை// இதை முதலில் மறந்துவிடுங்கள். செத்த கல்தானே, கரையில் ஒதுங்கியதுதானே என்று எல்லோரும் சொல்வார்கள். கல்பவளம் அத்தனையும் 2001இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. உயிரோடு இருக்கிறதா, எலும்புக்கூடா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. 3 வருடம் முதல் 7 வருடம் வரை உள்ளே இருக்க வேண்டி வரும். கடல்விசிறி, கடல்குதிரை, கடல் அட்டைக்கும் இதே கதைதான், யாராவது மலிவாகத் தருகிறேன் என்றாலும் கை நீட்டாதீர்கள்.

சட்டத்தை விடுங்கள், எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது வயிற்றெரிச்சல். ஒரு காலத்தில் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் வீடு கட்டவும் வண்டி வண்டியாகப் பவளக்கல்லை வெட்டி எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் எங்களுக்கும் நடுவில் 21 தீவு என்று கணக்கு, 1986இல் தேசியப் பூங்காவும் ஆக்கினார்கள். அதில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று தண்ணீருக்கு அடியில். தீவைச் சுற்றி இருந்த கல்லை எடுத்தால் அலை நேராக மணலில் அடிக்கும், வேறென்ன ஆகும்.

உப்புத்தண்ணி · மார்ச் 2

அய்யோ, இது தெரியவே தெரியாது. மாமனார் வீட்டு வாசலில் பூச்செடியைச் சுற்றி அந்தக் கல்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள்! சரி, கல் ரத்து. அப்படியென்றால் எல்லோரும் என்ன போடுகிறீர்கள்?

ரீஃப்_அண்ணாச்சி · மார்ச் 3

தம்பி, நங்கநல்லூரில் 14 வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பக்கத்து ஏரியா என்பதால் கொஞ்சம் உரிமையோடே திட்டுவேன்.

கல்லுக்கு: கடையில் டிரை ராக் என்று காய்ந்த கல் கிடைக்கும், பீங்கான் கல்லும் கிடைக்கும். உயிர் எதுவும் ஒட்டியிருக்காது, சைக்கிள் ஆக (கழிவைத் தின்கிற பாக்டீரியா பெருக) நாள் அதிகம் பிடிக்கும், ஆனால் ஒரு வேண்டாத நண்டோ புழுவோ கூட வராது. உங்கள் தொட்டிக்கு 15 கிலோ தாராளம். சுவர் மாதிரி அடுக்காதீர்கள், இரண்டு குன்று, நடுவில் பள்ளம், கண்ணாடியைத் தேய்க்கக் கை போகிற இடைவெளி. நான் முதல் தொட்டியில் பின் கண்ணாடியோடு ஒட்டி அடுக்கி, அந்த இடுக்கில் சேர்ந்த அழுக்கோடு மூன்று வருடம் மல்லுக்கட்டினேன்.

மீனுக்கு: நீல டேங் கடையில் இரண்டு விரல் அகலத்தில் இருக்கும், வளர்ந்தால் ஒரு அடி. நாள் முழுக்க நீந்துகிற மீன், 6 அடித் தொட்டி இல்லாமல் அதைத் தொடாதீர்கள். அதோடு அது பெரும்பாலும் கடலில் பிடித்தது, சில நாடுகளில் சயனைடு பீய்ச்சி மயக்கிப் பிடிக்கிறார்கள், வெளியே பளபளவென்று இருக்கும், ஒரு மாதத்தில் காரணமே தெரியாமல் செத்துப்போகும். கிளவுன் அப்படியில்லை, பண்ணையில் பிறந்ததே கிடைக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்திலும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். பண்ணை மீன்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

அனிமோன் இந்த வருடம் கிடையாது. இடம் பிடிக்காவிட்டால் நகர்ந்து நகர்ந்து போய், தண்ணீரை அலையடிக்க வைக்கிற வேவ்மேக்கரில் மாட்டும், காலையில் எழுந்து பார்த்தால் தொட்டி முழுக்க சட்னி. கிளவுனுக்கு அனிமோன் கட்டாயமே இல்லை. என்னுடையது ஒரு பம்ப்புக்குப் பக்கத்தில் எட்டு வருடமாகப் படுத்துத் தூங்குகிறது.

சில்லருக்கு வருகிறேன். சென்னையில் ரீஃப் தொட்டி வைப்பவனின் முதல் செலவு சில்லர், மற்றதெல்லாம் அப்புறம். 25 முதல் 27 டிகிரிக்குள் நிற்க வேண்டிய தண்ணீர் மே மாதம் மூடிய வீட்டில் 34க்குப் போகும். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் பவளம் வெளுத்தபோது கடல் சூடு வழக்கத்தை விட இரண்டு மூன்று டிகிரிதான் ஏறியிருந்தது. பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கிற பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது, சூடு ஏறினால் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டுப் பட்டினி கிடக்கும்.

கோவைக்குளிர் · மார்ச் 3

அண்ணாச்சி சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் மாற்றுக் கருத்துங்க. நான் ஆறு வருடமாக ஃபேன் மட்டும்தான் ஓட்டுகிறேன், சாய்பாபா காலனி, 150 லிட்டர், ஏப்ரலில் கூட 28ஐத் தாண்டியதில்லை. புதிதாக வருகிறவர்களைச் சில்லர் விலை சொல்லிப் பயமுறுத்தி ஓட விடுகிறோமோ என்று தோன்றுகிறது.

செங்கல்சிமெண்ட் · மார்ச் 3

இரண்டு பேர் சொல்வதும் சரி, ஊர்தான் வேறு. ஃபேன் குளிர்விப்பது தண்ணீரை ஆவியாக்கித்தான். ஒரு லிட்டர் ஆவியானால் 200 லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 3 டிகிரி இறக்குகிற அளவு சூட்டை எடுத்துக்கொண்டு போகும், சின்ன விஷயமில்லை. ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக இடம் ஏது? பள்ளியில் ஈரக்குமிழ் வெப்பமானி படித்திருப்போமே, அது காட்டுகிற அளவுக்குக் கீழே எந்த ஃபேனாலும் இறக்க முடியாது. மே மாதம் சாயங்காலம் கடல்காற்று வந்து எல்லோரும் அப்பாடா என்கிற நேரத்தில் சென்னையில் வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம், ஈரக்குமிழ் 28ஐத் தொட்டுவிடும். பம்ப் சூடு, விளக்குச் சூடு சேர்த்தால் 30. கோவையில் காற்றும் காய்ந்தது, ராத்திரி சூடும் குறைவு.

எடையையும் பார்த்துவிடுவோம், அதுதான் என் தொழில். உங்கள் தொட்டி 6.75 கன அடி, அதாவது 191 லிட்டர். உப்புத் தண்ணீர் என்பதால் 196 கிலோ. 10 மில்லி கண்ணாடி 40 கிலோ சொச்சம், கல், மணல், ஸ்டாண்ட், சம்ப், அதில் தண்ணீர் எல்லாம் சேர்த்தால் 380 கிலோ பக்கம் வரும். குடியிருப்புத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று வைத்துத்தான் டிசைன் செய்கிறோம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது அறை முழுக்கப் பரவிய சுமைக்கான கணக்கு. ஆனால் அறை நடுவில் வைக்காதீர்கள். சுவரோரம், கீழே பீம் ஓடுகிற பக்கமாக வையுங்கள். ஸ்டாண்டுக்கு நாலு கால் மட்டும் இருந்தால் டைல் வெடிக்கும், அடியில் சட்டம் முழுக்கத் தரையில் உட்கார வேண்டும்.

உப்புத்தண்ணி · மார்ச் 4

சுவரோரம்தான், கீழ் வீட்டுக்காரர் ஹால் பீம் அதே கோட்டில் போகிறது, போய்ப் பார்த்துவிட்டேன் (ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை). சில்லர் விலை பார்த்தேன், தொட்டியை விட அதிகம். இரவில் பெட்ரூம் ஏசி ஓடுகிறது, தொட்டியைப் பெட்ரூமில் வைத்துவிட்டால்?

ரீஃப்_அண்ணாச்சி · மார்ச் 4

பகலில்? இரவு 25, பகல் 33 என்று தினமும் ஏறி இறங்குவது ஒரே சூட்டில் நிற்பதை விட மோசம். ஏசியை 24 மணி நேரம் ஓட்டுவதற்குச் சில்லர் எவ்வளவோ மலிவு. வாங்கும்போது ஒன்று: 1/10 எச்பி 200 லிட்டருக்குப் போதும் என்று பெட்டியில் போட்டிருக்கும், அது வெளிநாட்டு வெயிலுக்கு. நீங்கள் ஒரு அளவு மேலே போங்கள். ஸ்டாண்ட் கபோர்டுக்குள் அடைக்காதீர்கள், அது கக்குகிற சூட்டை அதுவே குடித்துக்கொண்டு நிற்காமல் ஓடும். ஹோஸை நீட்டி பால்கனியில் வைத்திருக்கிறேன் நான்.

மின்சாரத்துக்கு என் வீட்டுக் கணக்கு: சில்லர் நாளுக்கு 2 யூனிட், விளக்கு முக்கால், பம்ப்பும், கழிவை நுரையாக்கி எடுக்கிற ஸ்கிம்மரும் சேர்ந்து ஒன்றேகால். ஆக நாளுக்கு 4, இரண்டு மாத பில்லில் 240. ஏற்கெனவே 400 ஓட்டுகிற வீடு என்றால் 500ஐத் தாண்டும், தாண்டினால் கடைசி யூனிட் மட்டுமில்லை, கீழே இருக்கிற அடுக்கிலும் விலை மாறும். இதை வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள், பில் வந்த பிறகு சொல்வது உடம்புக்கு ஆகாது.

40 ஆயிரத்தில் முடியாது தம்பி. ஒரு லட்சத்தை ஒட்டி வரும். பழைய சாமான் வாங்கினால் குறையும், ஆட்கள் ஆறே மாதத்தில் வெறுத்துப்போய் விற்கிற தொழில் இது.

ஈசிஆர்_கேன் · மார்ச் 5

தண்ணீர் பற்றி யாருமே பேசவில்லை. நீலாங்கரைக் கரையில் மொள்வது வேண்டாம், அடையாறும் கூவமும் என்னென்ன கொண்டுவந்து கொட்டுகின்றன என்று தெரியும்தானே. ஆனால் கடல்நீரே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஈசிஆரில் மரக்காணம் வரை இறால் குஞ்சு பொரிப்பகங்கள் வரிசையாக இருக்கின்றன, அவர்கள் வடிகட்டிச் சுத்தம் செய்த தண்ணீரில்தான் இறால் பிழைக்கிறது. தெரிந்த இடத்தில் கேட்டு ஐந்து வருடமாக அதைத்தான் எடுத்து வருகிறேன், செலவு டீசல் மட்டும்.

ஒரே எச்சரிக்கை, வடகிழக்குப் பருவமழை. அக்டோபருக்கு மேல் ஆற்று வெள்ளமும் வடக்கேயிருந்து வருகிற நீரோட்டமும் சேர்ந்து கரையோரக் கடலே இனிப்பாகிவிடும். கிலோ தண்ணீருக்கு 35 கிராம் இருக்க வேண்டிய உப்பு ஒரு நவம்பரில் நான் அளந்தபோது 27. அளக்காமல் ஊற்றியிருந்தால் அவ்வளவுதான்.

ரீஃப்_அண்ணாச்சி · மார்ச் 5

கேன் தம்பி சொல்வது அவருக்குச் சரி, ஐந்து வருடப் பழக்கம், மூக்கிலேயே கண்டுபிடிப்பார். முதல் தொட்டிக்கு நான் சொல்வது உப்புப் பொடிதான். என்ன ஊற்றினோம் என்று தெரிந்தால்தான் என்ன தப்பு என்று தேட முடியும். லிட்டருக்கு 38 கிராம் பக்கம் பிடிக்கும், உங்கள் மொத்த 200 லிட்டருக்கு ஏழரை கிலோ. சமையல் உப்பு, கல் உப்பு எதுவும் கிடையாது. கடல்நீர் என்பது சோடியம் குளோரைடு மட்டுமில்லை, கால்சியம் 420 பிபிஎம், மக்னீசியம் 1300 பிபிஎம், காரத்தன்மை 8 டிகேஎச் என்று எல்லாம் அதனதன் அளவில் இருக்க வேண்டும்.

உப்பு கரைக்கிற தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கிற பொருள்களின் அளவு, பூஜ்யமாக இருக்க வேண்டும். மடிப்பாக்கம் போர் தண்ணீர் ஆயிரத்துக்கு மேல் காட்டும். வீட்டு ஆர்ஓ ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையே கலந்து விடும், அந்தத் திருகை முழுக்க மூடிவிட்டு, பின்னால் மிச்சத்தையும் உறிஞ்சுகிற டிஐ ரெசின் குழாய் ஒன்று மாட்டுங்கள். அடுத்து யாராவது வந்து ஏசி தண்ணீர் பிடிக்கலாமே, அதுவும் டிடிஎஸ் பத்துதானே என்பார். வேண்டாம். ஏசிக்குள் இருப்பது செம்புக் குழாய். மீன் தாங்கும், நத்தை, இறால், பவளம் எதுவும் செம்பைத் தாங்காது.

உப்புத்தண்ணி · ஏப்ரல் 9

இழையைக் கிடப்பில் போட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கொளத்தூரில் தொட்டி ஒட்டக் கொடுத்து, ஓவர்ஃப்ளோவுக்குத் துளை (தண்ணீர் சம்ப்புக்கு வழிய) போட்டு வாங்கிவந்தேன். மூன்று பேர் தூக்கி மாடி ஏற்றினோம், லிஃப்டில் அரை அங்குலம் இடித்தது. சில்லர் பழையது ஒன்று கிடைத்தது, 1/5 எச்பி, சத்தம் மாவு மில் மாதிரி, பால்கனிக்குத் தள்ளிவிட்டேன்.

தண்ணீர் ஊற்றி உப்புக் கலந்து, மூன்று நாள் வெறுமனே ஓட்டி ஒழுகல் பார்த்து, அப்புறம் அம்மோனியம் குளோரைடு போட்டு அம்மோனியாவை 2 பிபிஎம்முக்குக் கொண்டுவந்தேன், பாட்டில் பாக்டீரியாவும் ஊற்றினேன். தினசரி காலண்டரில் மகள்தான் எண் எழுதுகிறாள். இன்றைக்கு 9வது நாள், எண் அப்படியே 2. பாக்டீரியா செத்ததா?

ஜூரோங்வாசி · ஏப்ரல் 9

சிங்கப்பூரிலிருந்து. பாட்டில் எங்கே வைத்திருந்தார்கள் என்று பாருங்கள். கடையின் மொட்டைமாடி கோடவுனில் 45 டிகிரியில் கிடந்திருந்தால் நீங்கள் வாங்கியது பழுப்புத் தண்ணீர். பயப்பட ஒன்றுமில்லை, தானாகவும் வரும், நாள் ஆகும். அம்மோனியாவைத் தின்கிறவை முதலில் பெருகும், அவை கொடுக்கிற நைட்ரைட்டைத் தின்கிறவை பிறகு பெருகும், கடைசியில் நைட்ரேட். நாலு முதல் ஆறு வாரம். விளக்கைப் போடாதீர்கள், இப்போது விளக்கு போட்டால் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

உப்புத்தண்ணி · ஏப்ரல் 21

அசிங்கமான ஒரு விஷயம். நேற்று உப்பளவு பார்க்கிற புது ரிஃப்ராக்டோமீட்டர் வந்தது, 35க்கான திரவத்தில் சரிபார்த்துவிட்டுத் தொட்டித் தண்ணீரைப் பார்த்தால் 41! பழைய முள்ளு ஹைட்ரோமீட்டர் 35 என்றே காட்டிக்கொண்டிருந்தது. யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தேன். தினமும் மூன்று லிட்டர் குறைகிறது, நான் அதை உப்புத் தண்ணீராலேயே நிரப்பியிருக்கிறேன். பன்னிரண்டு நாளாக! ஆவியாவது வெறும் தண்ணீர்தானே, உப்பு உள்ளேயே இருக்கிறதே என்று உறைக்கவே இல்லை. உப்பளம் பார்த்து வளர்ந்த ஊர்க்காரன் நான், கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில்.

பாம்பன்காற்று · ஏப்ரல் 21

ஹாஹா, அண்ணே வீட்டுக்குள்ளேயே பாத்தி கட்டிவிட்டார்.

ரீஃப்_அண்ணாச்சி · ஏப்ரல் 21

மீன் போடும் முன்னால் நடந்ததே, அதற்கு ஒரு தேங்காய் உடையுங்கள். கொஞ்சம் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு ஆர்ஓ ஊற்றி இரண்டு நாளில் இறக்குங்கள். மீன் இருந்திருந்தால் ஒரு வாரம் ஆக்கியிருக்க வேண்டும். சம்ப்பில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரை ஆர்ஓ மட்டும். முடிந்தால் தானாக நிரப்புகிற சென்சார் மாட்டுங்கள், ஆனால் அதற்கு வைக்கிற வாளி 10 லிட்டரைத் தாண்டக் கூடாது. சென்சார் ஒருநாள் ஒட்டிக்கொள்ளும், அன்றைக்கு 50 லிட்டர் டிரம் வைத்திருந்தால் கீழ் வீட்டுக்காரருக்குப் பீம் விஷயம் தெரிந்துவிடும்.

உப்புத்தண்ணி · மே 10

40வது நாள் முடிந்தது! அம்மோனியா 2 போட்டால் 24 மணி நேரத்தில் அதுவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம். பெரிய தண்ணீர் மாற்றம் செய்தாகிவிட்டது. நாளைக்குக் கிளவுன் வாங்கப் போகிறோம். மகள் பெயர் வைத்துவிட்டாள்.

ஜூரோங்வாசி · மே 10

நேராகத் தொட்டியில் விடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள், என் கதையைக் கேளுங்கள். கடையில் துள்ளிக்கொண்டிருந்த ஒரு டேங்கை நேராகப் போட்டேன். நாலாம் நாள் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி, ஏழாம் நாள் புள்ளி எல்லாம் மறைந்துவிட்டது, சரியாகிவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். மறையவில்லை, மீனை விட்டு இறங்கி மணலில் கூடு கட்டிப் பெருகிக்கொண்டிருந்தது. அடுத்த சுற்றில் ஆறு மீனும் போயிற்று. கிரிப்டோகேரியான் என்கிற ஒட்டுண்ணி. மருந்து செம்பு, அதைப் பவளத் தொட்டியில் போட முடியாது. ஆகவே மீன் ஒன்றுகூட இல்லாமல் 76 நாள் தொட்டியை வெறுமனே ஓட்டினேன், தண்ணீரையும் கல்லையும் பார்த்துக்கொண்டு.

புது மீனுக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி, 40 லிட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய ஒரு பிவிசி முழங்கை. நாலு முதல் ஆறு வாரம் அதில்தான் இருக்க வேண்டும். சில்லர் இல்லாத பெட்டி என்பதால் ஏசி அறையில் வையுங்கள்.

உப்புத்தண்ணி · மே 13

பெட்ரூமில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் பெட்டி. வீட்டில் முகம் சரியில்லை. இரண்டு பண்ணைக் கிளவுன், ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக எடுங்கள் என்று கடையில் சொன்னார்கள், காரணம் சொல்லவில்லை.

ரீஃப்_அண்ணாச்சி · மே 13

எல்லாம் ஆணாகத்தான் பிறக்கும். சேர்ந்து வாழும்போது பெரியது பெண்ணாக மாறும், அப்புறம் அது திரும்ப ஆணாகாது. ஒரே அளவில் எடுத்தால் யார் பெரியவர் என்று தீரும் வரை அடித்துக்கொள்ளும்.

பவளத்துக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன், எடுத்தால் மென்பவளம் மட்டும். மஷ்ரூம், லெதர், பச்சை ஸ்டார் பாலிப், ஜோவாந்திட். கல்பவளம் நம் கடலுடையது என்றால் பாம்பன் தம்பி சொன்ன சட்டம். வெளிநாட்டுடையது என்றாலும் எல்லாமே சைட்டிஸ் என்கிற உலக உயிரின வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, நம் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு வீட்டில் வைத்திருப்பவரே பதிவு செய்ய வேண்டும், காகிதம் காட்டாத கடையில் வாங்காதீர்கள். ஜோவாந்திட் ஒட்டிய கல்லைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், சுரண்டாதீர்கள், எக்காரணம் கொண்டும் வெந்நீரில் போடாதீர்கள். சிலவற்றில் பாலிடாக்ஸின் என்கிற விஷம் உண்டு, ஆவி மூச்சில் போனால் வீடே ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும்.

உப்புத்தண்ணி · ஜூன் 30

கிளவுன் இரண்டும் பெரிய தொட்டிக்கு வந்து நாலு நாள் ஆகிறது. கண்ணாடி, மணல் எல்லாம் பழுப்புத் தூசு, டயட்டம் பாசி என்று புரிந்துகொண்டு துடைக்காமல் ஆறு டர்போ நத்தை விட்டேன், பாதி காலி. ஒரு ஸ்டார் பாலிப் துண்டும் இரண்டு மஷ்ரூமும் போட்டாயிற்று. விளக்கு பாதி அளவில் 8 மணி நேரம்.

நேற்று இங்கே இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரில் எதையும் மாட்டவில்லை, கை கால் ஓடவில்லை. என்ன மாட்ட வேண்டும்?

ரீஃப்_அண்ணாச்சி · ஜூலை 1

முதலில் வேவ்மேக்கர் ஒன்று. 10 வாட் கூட இருக்காது. தண்ணீர் அசைந்தால் மேற்பரப்பில் ஆக்சிஜன் கரையும், அது போதும், விளக்கும் ஸ்கிம்மரும் நாள் கணக்கில் இல்லாவிட்டாலும் எதுவும் சாகாது. சில்லரை இன்வெர்ட்டரில் மாட்டாதீர்கள், ஒரு மணி நேரத்தில் பேட்டரியைக் குடித்துவிடும். அதற்குப் பதில் பாட்டிலில் ஆர்ஓ தண்ணீரை உறையவைத்து ஃப்ரீசரில் நாலு வையுங்கள், மூடியோடு மிதக்கவிடலாம்.

2016 டிசம்பரில் வர்தா வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் முதல் ராத்திரியே போயிற்று. நானும் அம்மாவும் ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று முறை போட்டு, குளியலறை மக்கில் தொட்டித் தண்ணீரை மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருந்தோம். அம்மாவுக்கு அப்போது 68 வயது, மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டே ஊற்றினார். மீன் எல்லாம் பிழைத்தது. அடுத்த வாரமே சார்ஜ் ஏறுகிற ஏர் பம்ப் இரண்டு வாங்கினேன், 2023இல் மிக்ஜாம் வந்தபோது அவைதான் ஓடின. அம்மா அன்றைக்கும் மக்கை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

ஹாலில் இருக்கிற பிளக்குக்கு ஷாக் அடித்தால் கரண்ட்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் கை விடுகிறவன் இதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. ஒயர் எல்லாம் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற வேண்டும், ஒழுகுகிற தண்ணீர் தரையில் சொட்டட்டும், பிளக்கில் இல்லை.

உப்புத்தண்ணி · ஆகஸ்ட் 24

பின் கண்ணாடியிலும் பம்ப் மேலும் ஊதாப் புள்ளி வந்துவிட்டது, கோரலைன் என்கிற சுண்ணாம்புப் பாசி! ஸ்டார் பாலிப் கல்லை விட்டு இறங்கிப் பக்கத்துக் கல்லைப் பிடிக்கிறது. நீல டேங் ஆசையை ஒரு ஃபயர் கோபியை வைத்துச் சமாளித்தேன், மேலே வலை மூடி போட்டிருக்கிறேன், குதிக்கிற ஜாதியாம்.

ஒரு சந்தேகம். காரத்தன்மை 8.6இல் இருந்தது, மூன்று வாரத்தில் 7.4. சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றினால் கால்சியமும் காரத்தன்மையும் ஏறும் என்று படித்தேன். அம்மா வெற்றிலைப் பெட்டியை நீட்டுகிறார், இதைக் கரைத்துத் தெளிய வைத்து ஊற்று என்கிறார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வேதியியல்படி இரண்டும் ஒன்றுதானே?

ரீஃப்_அண்ணாச்சி · ஆகஸ்ட் 24

பொருள் ஒன்றுதான், கால்சியம் ஹைட்ராக்சைடு. ஜெர்மன்காரர்கள் பல வருடமாகத் தெளிந்த சுண்ணாம்பு நீரைத்தான் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள், கால்க்வாசர் என்று பெரிய பெயர். அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஆய்வகத் தரத்தில் வாங்க வேண்டும். அதன் பிஎச் 12க்கு மேல், ஒரு டம்ளரை மொத்தமாகக் கொட்டினால் மீன் வெந்துவிடும்.

உங்களுக்கு அது இப்போது தேவையே இல்லை. கல்பவளம் எதுவும் இல்லை, காரத்தன்மையைத் தின்பது கோரலைனும் நத்தையும்தான். வாரம் எவ்வளவு தண்ணீர் மாற்றுகிறீர்கள்?

உப்புத்தண்ணி · ஆகஸ்ட் 24

...மூன்று வாரமாக மாற்றவில்லை அண்ணாச்சி. ஆபீசில் ஆடிட்.

ரீஃப்_அண்ணாச்சி · ஆகஸ்ட் 24

வாரம் 20 லிட்டர். சுண்ணாம்பு வெற்றிலைக்கே இருக்கட்டும்.

உப்புத்தண்ணி · ஆகஸ்ட் 26

மாற்றிவிட்டேன், 7.5 வந்திருக்கிறது. நாளைக்கு எங்கள் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் 2 வரை கரண்ட் இருக்காது என்று செய்தித்தாளில் போட்டிருக்கிறார்கள். ஏர் பம்ப் சார்ஜ் ஏறுகிறது, ஃப்ரீசரில் நாலு பாட்டில். காலையில் எட்டரைக்கு மீனுக்கு வழக்கம்போலத் தீனி போட்டுவிடலாமா?

ஜூரோங்வாசி · ஆகஸ்ட் 26

வேண்டாம். ஸ்கிம்மர் நின்றிருக்கும் நேரத்தில் தின்றது, தின்னாதது எல்லாம் உள்ளேயே அழுகும். கரண்ட் வந்து ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள்.